இவனால் என்ன ஆகும்?

எடை போடுவதிலே எங்கள் விருதுநகருக்கு நிகரான ஊர் தென்னாட்டில் அதிகம் இல்லை என்று சொன்னால் அது வீண் பெருமையாகாது. மிளகாய் வற்றல், மல்லி, உளுந்து, துவரை, நல்லெண்ணெய் முதலியவற்றின் விலை அறிய விரும்புகிறவர்கள் பத்திரிகையில் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தேடிப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். ஒரு பிடி மல்லியை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்த மாத்திரத்தில், "இது இன்ன சீமைச் சரக்கு, இன்ன விலைக்குப் போகும்" என்று சொல்லக்கூடிய வியாபாரிகள் இங்கே உண்டு. சரக்கைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்பு பெரும்பாலும் பிசகுவதில்லை.

மனிதர்களை எடை போடும் சங்கதி வேறு. அதற்குத் தராசும் இல்லை, படிக்கல்லும் இல்லை. இருந்தபோதிலும், நம்மில் ஒவ்வொருவரும் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரையில் அந்த வியாபாரத்தையே செய்துகொண்டிருக்கிறோம். "இவனால் என்ன ஆகும்?" என்று பிறரைக் குறித்துச் சொல்கிறோம். "நம்மால் என்ன ஆகும்?" என்று நம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு கேள்விகளும் ஒரே செடியில் பூத்தவை என்பது என் அபிப்பிராயம். இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. எங்கள் கடைவீதியைச் சுற்றி வந்தாலே போதும்.

அந்தக் கடைவீதியில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு, தாய்மாமனுடைய துணிக்கடையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தகப்பனாரை இளமையிலேயே இழந்தவன். க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்த படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. கடையில் துணி அளக்க வேண்டிய நேரத்தில் பத்திரிகை படிப்பான். பொதுக்கூட்டம் என்று கேள்விப்பட்டால் கடையை மறந்துவிட்டு ஓடுவான். "இங்கே இருந்தால் இவன் உருப்படமாட்டான்" என்று தீர்மானித்த பெரியவர்கள் திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமனுடைய மரக்கடைக்கு அவனை அனுப்பிவைத்தார்கள். அங்கே போயும் அவன் வைக்கம் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டானே தவிர, மரம் விற்கக் கற்றுக்கொள்ளவில்லை. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் பெரியவர்களுடைய கணக்கில் தவறே இல்லை. அந்தச் சரக்கு அந்தக் கடைக்கு உதவாத சரக்குத்தான்.

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்த காமராஜரின் கதை நமது வாசகர்கள் அறியாததல்ல. ஆகவே அதை முழுவதும் இங்கே எடுத்துரைக்கப் போவதில்லை. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் சிறையில் கழித்தார் என்பதையும், ஆங்கிலப் பத்திரிகை படிக்கும் அளவுக்குத் தாமாகவே கற்றுக்கொண்டார் என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். 1941-ல் அவர் சிறையில் இருக்கும்போதே ஊரார் அவரை விருதுநகர் முனிசிபல் சேர்மனாகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம் அந்தப் பதவியை ராஜினாமாச் செய்ததுதான். முழு நேரமும் செலுத்திச் செய்ய முடியாத வேலைக்குப் பெயர் மட்டும் வைத்துக்கொள்வது தகாது என்பது அவருடைய எண்ணம். தம்மால் எது ஆகும், எது ஆகாது என்பதை அவர் எப்படிக் கணக்கிட்டார் என்று பார்க்க இது ஒரு நல்ல இடம்.

1954-ல் ராஜாஜி முதன் மந்திரி பதவியிலிருந்து விலகியபோது, சட்டசபைக் காங்கிரஸ் கட்சித் தலைமைக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டார்கள். காமராஜருக்கு 93 வாக்குகளும் சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. பட்டம் பெறாதவர், சட்டம் படியாதவர், சபையில் எழுந்து ஆங்கிலத்தில் பேச வராதவர், இவர் எப்படி இராஜ்யபாரம் செய்யப் போகிறார் என்று படித்தவர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவரோ, தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், சுப்பிரமணியத்தின் பெயரைப் பிரேரித்த பக்தவத்சலத்தையும் அழைத்துத் தமது மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். முதன் மந்திரியோடு சேர்த்து எட்டே பேர் கொண்ட சிறிய மந்திரி சபை அது. கல்வி, நிதி ஆகிய பெரும் பொறுப்புக்கள் சுப்பிரமணியத்திடம் போயின. தோற்றவனை மேலும் ஓர் அடி அழுத்திவிட வேண்டும் என்பது உலக வழக்கு. காமராஜர், தோற்றவருடைய திறமை தோற்றுவிடவில்லை என்பதை அறிந்திருந்தார். அவர் 1963 அக்டோபர் 2-ந் தேதி வரை முதன் மந்திரியாக நீடித்ததற்கு இந்த ஒரு கணக்குப் பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கையும் அவர் சரியாகப் போட்டார். அதுவரையில் ஏழைப் பிள்ளைகளைப் பற்றி நாட்டில் பொதுவாக ஒரு பேச்சு இருந்தது. அவர்களுக்குப் படிப்பு ஏறாது என்பதுதான் அது. வாத்தியார்களும் அதைச் சொன்னார்கள், பெற்றோர்களும் நம்பினார்கள். சோறு இறங்காத வயிற்றோடு இருப்பவனுக்குப் படிப்பு எப்படி ஏறும் என்று கேட்டவர்கள் சிலரே. சென்னை நகரசபைப் பள்ளி ஒன்றில் 1920-களிலேயே மதிய உணவு கொடுத்துப் பார்த்ததுண்டு. அதை மாகாணம் முழுவதற்குமான காரியமாக 1956-ல் காமராஜர் சர்க்கார் கையில் எடுத்துக்கொண்டது. எத்தனையோ பேருக்குப் பிறவி மந்தம் என்று கட்டியிருந்த பட்டம் ஒரு பிடி சோற்றில் கழன்று விழுந்தது.

இவ்வளவு நுட்பமாக மனிதர்களை மதிப்பிடத் தெரிந்தவர் எப்போதும் சரியாகவே மதிப்பிட்டாரா? அப்படிச் சொல்ல முடியாது. அங்கேதான் இந்த விஷயத்தின் அபாயம் இருக்கிறது.

மதிய உணவுத் திட்டம் பரவிய அதே 1956-ம் ஆண்டில், அதே விருதுநகரில், சங்கரலிங்கனார் என்ற முதியவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் காங்கிரஸ்காரர்; காந்தியடிகளிடம் பக்தி கொண்டவர். சென்னை இராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது முதலான பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்து ஜூலை 27-ந் தேதி உணவை விட்டார். கட்சித் தலைவர்கள் பலர் வந்து வேண்டிக்கொண்டும் அவர் பிடிவாதம் தளரவில்லை. ஒரு கிழவர், துணைக்குக் கூட்டம் இல்லை, பின்னால் ஸ்தாபனம் இல்லை. எத்தனை நாள் தாங்கும் என்று சர்க்கார் எண்ணியிருக்கலாம். இரண்டரை மாதம் தாங்கிற்று. அக்டோபர் 13-ந் தேதி அவர் உயிர் நீத்தார். அவருடைய கோரிக்கையை அன்று ஏற்காத கட்சி பின்னர் பதவியிழந்தது. 1967-ல் அண்ணாதுரை முதன் மந்திரியாக இருந்தபோது சட்டசபை பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969-ல் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. தம் ஊர்க்காரர் ஒருவருடைய மன உறுதியின் அளவை, ஊரையே அளந்து வைத்திருந்த காமராஜர் அளக்கவில்லை.

டில்லி விஷயத்துக்கு வருவோம். 1964 மே மாதம் நேரு மறைந்தார். 1966 ஜனவரியில் லால்பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். அப்போது காங்கிரஸ் தலைவர் காமராஜர். நீங்களே பிரதம மந்திரியாக வேண்டும் என்று சில தலைவர்கள் சொன்னபோது, தமக்கு ஆங்கிலமும் சரியாக வராது, ஹிந்தியும் வராது, எப்படி முடியும் என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். இது தம்மைத் தாமே குறைத்து எடை போட்டதா, அல்லது சரியாக எடை போட்டதா? இந்தக் கேள்வியை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் திண்ணையில் சண்டையே வந்துவிடும். பாஷை ஒரு கருவி, கருவியை இரவல் வாங்கிக்கொள்ளலாம், மூளையை இரவல் வாங்க முடியுமா என்பார் ஒருவர். பல பாஷைகள் பேசும் தேசத்தில் ஜனங்களோடு நேரே பேச முடியாத பிரதம மந்திரி மொழிபெயர்ப்பாளர் கையில் சிக்கிய கிளியாவார் என்பார் மற்றவர். என் கட்சி என்ன என்று கேட்கிறீர்களா? முனிசிபல் சேர்மன் பதவியை உதறிய மனிதர் தம் அளவை அறியாதவர் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணத்தைப் பிறகு வந்த தமிழர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பெரிய இடங்களுக்கு நமக்குப் பாத்தியதை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டதுண்டு. அவருக்குச் சரியாக இருந்த சட்டை எல்லோருக்கும் பொருந்துமா?

தம்மை அளந்ததில் தவறாதவர், பிறரை அளந்ததில் தவறினார். 1966 ஜனவரியில் மொரார்ஜி தேசாயை எதிர்த்து நின்ற இந்திரா காந்தி 355 வாக்குகள் பெற்று வென்றார். மொரார்ஜிக்குக் கிடைத்தவை 169. அந்த வெற்றியைத் தேடிக் கொடுத்தவர்களில் முதல்வர் காமராஜர். சபையில் அதிகம் பேசாத இந்தப் பெண்மணி மூத்தவர்கள் சொற்படி நடப்பார் என்று கட்சிப் பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். பேசாத பொம்மை என்று எதிர்க்கட்சியார் பரிகாசம்கூடச் செய்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1969-ல், காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. 1971 தேர்தலில் அந்தப் 'பொம்மை'யின் காங்கிரஸுக்கு லோக சபையில் 352 ஸ்தானங்கள் கிடைத்தன. பெரியவர்கள் இருந்த காங்கிரஸுக்கு 16. அந்தப் பதினாறில் ஒருவராக நாகர்கோவிலிலிருந்து காமராஜர் போய் உட்கார்ந்தார்.

இதற்கு முன்பே, 1967-ல், சொந்த ஊரில் ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. விருதுநகர்ச் சட்டசபைத் தொகுதியில் காமராஜரை எதிர்த்துத் தி.மு.க. நிறுத்தியவர் பெ. சீனிவாசன். ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணவர் தலைவராக இருந்த இளைஞர். படுத்துக்கொண்டே ஜெயித்துவிடுவேன் என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் வழங்குகிறது. அவர் சொன்னாரோ, சொன்னதாக மற்றவர்கள் சொன்னார்களோ, கட்சித் தொண்டர்கள் பலருடைய மனத்தில் அந்த எண்ணம்தான் இருந்தது. இந்தியாவுக்கே இரண்டு பிரதம மந்திரிகளைத் தேடிக் கொடுத்தவரை ஒரு மாணவப் பிள்ளை என்ன செய்துவிட முடியும்? அரிசி விலை ஏறியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று எதிர்க்கட்சி வாக்களித்திருந்தது. 1965-ல் மாணவர்கள் மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தை வீடுகள் மறக்கவில்லை. இவை ஒன்றும் எடைக்கு வரவில்லை. 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். எங்கள் ஊரில் அன்று வெற்றி பெற்றவர்களும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார்களாம். வீட்டுப் பெரியவரைத் தள்ளிவிட்ட பிள்ளைகளுக்கு ஏற்படும் கலக்கம் அது.

அரசியல் போதும். சிவகாசிக்குப் போவோம்.

விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணிக்குள் சிவகாசி. வழி நெடுகக் கரிசல் காடு. மழை பொய்த்தால் கருவேலும் காய்ந்து நிற்கும். "இந்தப் பூமியில் என்ன விளையும்?" என்று சொல்லிச் சொல்லியே பல தலைமுறைகள் கழிந்தன. இந்தச் சீமையில் வியாபாரம் செய்து முன்னேறிய நாடார் சமூகத்தாரைக் கோயில் வாசலில் தடுத்து நிறுத்திய காலமும் இருந்தது. அதன் பொருட்டு 1899-ல் சிவகாசியில் நடந்த கலகம் சரித்திரத்தில் இடம் பெற்றது. பிறர் குறைவாக மதித்தபோது, அவர்கள் தங்களைக் குறைவாக மதித்துக்கொள்ளவில்லை. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள்; வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தார்கள்; அவற்றைக் கொண்டு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுபட்டி என்ற பெயரை 1923-ல் விருதுநகர் என்று மாற்றிக்கொண்ட ஊரல்லவா எங்களுடையது! பட்டி நகரமாக வளரும் வரையில் காத்திராமல், பெயரை முதலில் மாற்றிவிட்டுப் பிறகு நகரமாக வளர்ந்தோம்.

அதே காலத்தில்தான், 1922-ல், சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர் இருவர் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்பது நோக்கம். அந்நாளில் தீப்பெட்டி என்றால் ஸ்வீடன் தேசத்துச் சரக்கு. ஐவர் குரூகர் என்ற முதலாளியின் ஸ்வீடிஷ் கம்பெனி உலகத்துத் தீப்பெட்டி வியாபாரத்தில் மிகப் பெரும் பங்கைக் கையில் வைத்திருந்தது. அதன் கிளையாக விம்கோ என்ற கம்பெனி 1923-ல் இந்தியாவிலேயே இயந்திரங்களை நிறுவி உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அதற்கு எதிரே, தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து போன இரண்டு பேர், கைவேலையாகத் தீக்குச்சி செய்யும் வித்தையோடு திரும்பி வந்தார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று அன்று பந்தயம் கட்டியிருந்தால் சிவகாசியின் பக்கம் காலணாக்கூட விழுந்திராது.

குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும். பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இதுதான் தீப்பெட்டியின் இரகசியம். ஈரக் காற்றில் இந்தக் குச்சிகள் உலர மாட்டா. பல தலைமுறைகளாக எந்த வறட்சியைச் சாபம் என்று சபித்தார்களோ, அந்த வறட்சியே முதலீடாயிற்று. தீப்பெட்டிக்கு மேல் ஒட்டும் படத்துக்காக அச்சுத் தொழில் வந்தது. மருந்தில் பழகிய கைகளால் பட்டாசுத் தொழில் வந்தது. ஊருக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் வந்தது. அதை நேரு வைத்ததாகச் சொல்வார்கள். ஐவர் குரூகரோ 1932-ல் பாரிஸில் மாண்டார். அவருடைய சாம்ராஜ்யம் கடனில் சரிந்தது. விம்கோ பிற்காலத்தில் கைமாறி, 2005-ல் ஐ.டி.சி. வசமாயிற்று. சிறு தொழிலுக்கு வரியில் காட்டப்பட்ட சலுகையும் சிவகாசிக்குத் துணை செய்தது என்பதை மறைக்கக் கூடாது. அதைவிடக் கசப்பான இன்னொரு துணையும் இருந்தது. மலிவாகக் கிடைத்த குழந்தைகளின் விரல்களே அவை. 1990-லும் 1996-லும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும்படியான நிலைமை அது. 1996-ம் ஆண்டுத் தீர்ப்பில், அபாயத் தொழிலில் குழந்தையை வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. தங்களைப் பிறர் குறைத்து மதித்ததை வென்ற ஊர், தன் தெருப் பிள்ளைகளைக் குறைத்து மதித்தது என்று எழுதும்போது பேனா கனக்கிறது.

அந்தக் குறைந்த மதிப்பு இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. பட்டாசு மருந்து உராய்வைப் பொறுக்காது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கலாகாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறக்குறைய 40 உயிர்கள் போயின. அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களல்ல. சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்கள். அதன் பிறகும் ஆண்டு தவறாமல் செய்தி வருகிறது. காரணமும் ஏறக்குறைய மாறாமல் வருகிறது. அளவுக்கு மேல் மருந்து, கணக்குக்கு மேல் ஆள், உரிமம் ஒருவருடையதாகவும் உள்குத்தகை மற்றொருவருடையதாகவும் இருப்பது. "இத்தனை வருஷம் பழகின மருந்துதானே" என்று தொழிலாளி மருந்தைக் குறைத்து எடை போடுகிறார். "நம்ம உயிர் என்ன பெரிய உயிர்" என்று தம்மையும் குறைத்து எடை போடுகிறார். முதலாளிகளில் சிலர் அந்த இரண்டாவது எடையை ஒப்புக்கொண்டு லாபக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன அரசியல் தோல்விகளில் பதவி போயிற்று. இங்கே போவது உயிர்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆனபடியால் என் கண்ணுக்கு நாள்தோறும் தென்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜில்லா படிப்பில் பின்தங்கியதல்ல. 2023-ம் ஆண்டுப் பிளஸ் டூ பரீட்சையில் 97.85 சதவிகிதம் பேர் தேறி, மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது. ஆனாலும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் சில தாய்மார்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வருவார்கள். இங்கே தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்று சொல்வது வழக்கம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி வந்த ஒரு தாயார், "இவளுக்கு மேலே படிப்பு ஏறாது சார். என்னைப் போலத்தான், மக்கு. என்கூட ஆபீசுக்கு வந்தா நாலு காசு ஆகும்" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"போன வாரம் உங்களுக்கு என்ன கூலி வந்ததம்மா?" என்று கேட்டேன்.

அவர் மூச்சு விடாமல் சொன்னார். திங்கட்கிழமை எத்தனை குரோஸ், செவ்வாய்க்கிழமை எத்தனை, குரோஸுக்கு என்ன விகிதம், தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள், ஒரு நாள் கணக்கப்பிள்ளை எழுத மறந்த அரைக் குரோஸை எப்படிச் சண்டை போட்டு வாங்கினார், கடைசியில் கைக்கு வந்தது எவ்வளவு. நான் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பைசாவுக்குச் சரியாக இருந்தது.

காகிதத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, "உன் தாயார் மனக்கணக்காகச் சொன்னதை நீ ஒரு தடவை போட்டுப் பார், அம்மா" என்றேன். அவள் போட்டாள். அவளுக்கும் சரியாக வந்தது. தாயார் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவா கணக்கு? இது எங்க ஆபீஸிலே எல்லாருக்கும் தெரியுமே சார்" என்றார்.

சான்றிதழ் அன்றைக்குக் கேட்கப்படவில்லை. அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் எடுத்துக்கொண்டாள். இரவில் ஐந்தொகை இரண்டு பக்கமும் ஒத்துவராமல் அடம்பிடித்தால், கூட்டல் எங்கே பிசகியது என்று தாயாரைத்தான் கேட்பாளாம்.